பதின்மூன்று மைலும் ஒரு தட்டுச் சோறும்

செங், மலாக்கா
12 ஆகஸ்டு 1952

என்றும் மதிப்பிற்குரிய மாமா தங்கையா அவர்களின் பாதங்களுக்கு, மாப்பிள்ளை நல்லமுத்து வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு மாரியம்மன் புண்ணியத்தில் நானும் தங்கள் மகள் கோமளாவும் சுகம். என் இடது முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகளும் சுகம். துறையூரில் தாங்களும் அத்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற செய்தியை எதிர்பார்த்திருக்கிறோம். கப்பலில் அத்தைக்கு ஆரம்பித்த தலைச்சுற்றல் கரைக்கு வந்த பிறகாவது நின்றதா என்று எழுதவும்.

நிற்க. மச்சான் தனபாலன் மஸ்ஜித் தானாவிலிருந்து தங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார் என்று தெரிகிறது. மாப்பிள்ளை அரைக்கால் சட்டையோடு ரோட்டில் ஓடி வந்து நம் கடை வாசலில் விழுந்தார், புத்தி பேதலித்துவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறாராம். அரைக்கால் சட்டை உண்மை. விழுந்ததும் உண்மை. புத்தியைப் பற்றித்தான் சில விளக்கங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. என் மார்பில் குத்தியிருந்த துணியைப் பற்றி மச்சான் ஏதாவது எழுதியிருந்தால் தாங்கள் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

தாங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு இங்கே அவசரகாலச் சட்டம் இன்னும் இறுகிவிட்டது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்பதற்காக, ரப்பர் தோட்டத்தில் யாரும் வீட்டில் சோறு ஆக்கக் கூடாது என்று உத்தரவு. பொதுக் கிச்சனில் பெரிய பெரிய அண்டாக்களில் ஆக்கி, தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கிறார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி. கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் கேஸ். அத்தை பழக்கிவிட்ட கை அல்லவா, கோமளாவுக்கு இது எவ்வளவு பெரிய துக்கம் என்று தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். அண்டாச் சோற்றைத் தட்டில் போட்டு, தன் கையால் வைத்த குழம்பை ஊற்றி, தினமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் ஆபீஸ் களைப்பில், கிச்சன் சோறும் நல்லாத்தான் இருக்கு, பொலபொலவென்று, என்று என் வாயில் வந்துவிட்டது. சர்க்காரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னதாகத்தான் நான் நினைத்தேன். கோமளா குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் மஸ்ஜித் தானாவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பட்டணத்தில் இன்னும் அவரவர் அடுப்பில் அவரவர் சோறு. அந்த அண்டாவோடயே குடித்தனம் பண்ணச் சொல்லுங்க என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அவளை அழைத்து வரச் சொல்லித் தோட்டத்து லாரி டிரைவரை இரண்டு தடவை அனுப்பினேன். இரண்டு தடவையும் லாரிதான் திரும்பி வந்தது. மாப்பிள்ளை நேரில் வரட்டும் என்று மச்சான் சொல்லி அனுப்பினார். நூறு பேருக்குப் பெயர் கூப்பிட்டு வேலை போடும் கிராணி நான், ஒரு வாய்ச் சோற்றைப் பற்றிச் சொன்னதற்காக மச்சான் கடை வாசலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா, தாங்களே சொல்லுங்கள். அந்தச் சமயத்தில்தான், செங்கிலிருந்து மஸ்ஜித் தானா வரை பதின்மூன்று மைல் ஓட்டப் பந்தயம் என்றும், தோட்டத்துக்கு ஓர் ஆள் அனுப்ப வேண்டும் என்றும் பந்தயக் கமிட்டியார் நோட்டீஸ் போட்டார்கள். துரை என்னைக் கூப்பிட்டு, பால் வெட்டுகிறவனை அனுப்பினால் ஒரு நாள் பால் நஷ்டம், கிராணி ஒரு நாள் இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை, ஆகவே நீயே ஓடு என்று உத்தரவிட்டுவிட்டார். துரை பேச்சைத் தட்ட முடியுமா. ஓட்டம் மச்சானின் மளிகைக் கடை வாசலில் முடிவது முழுக்க முழுக்கக் கமிட்டியாரின் ஏற்பாடு. அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பழகுவதற்கு இடம் வேண்டுமே. ஊரடங்கு ஒரு பக்கம், முள்கம்பி ஒரு பக்கம். வெளியே ஓடினால் சுட்டுவிடுவார்கள் என்று கேட் காவல்காரன் நல்லெண்ணத்தோடு சொன்னான். ஆகவே கம்பிக்குள்ளேயே லயத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். முதல் சுற்றில் பிள்ளைகள் கூடவே ஓடி வந்தன. இரண்டாவது சுற்றில் வாத்துகள் துரத்தின. மூன்றாவது சுற்றில், கிராணிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஜானகி விபூதியோடு வந்து வழியை மறித்தாள். ஜானகி நம் தோட்டத்தில் பால் வெட்டும் மாயாண்டியின் பெண்சாதி. மாயாண்டியோ தன்னையே எனக்கு வாத்தியாராக நியமித்துக்கொண்டவன். ரொம்பப் பழகினால் பந்தயத்தன்று காலில் சத்து மிஞ்சாது, சேமித்து வையுங்கள் என்று அவன் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. நாலு நாள் ஓடினேன், மீதி நாளெல்லாம் சேமித்தேன்.

பந்தயத்தன்று விடியற்காலையில் மாயாண்டி ஒரு வாழை இலைப் பொட்டலத்தை என் வயிற்றில் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினான். பாதி வழியில் கண் இருட்டும், அப்போது சாப்பிடுங்கள் என்றான். புளிச்சோறு. தன் பங்கையும் அக்கம்பக்கத்தார் பங்கையும் மிச்சம் பிடித்து ஒரு குடும்பத்துக்கே ஆகும்படி கட்டியிருந்தான். கேட்டில் எல்லோரையும் தடவிப் பார்ப்பவன், கிராணி என்பதால் எனக்குச் சலாம் போட்டு அனுப்பிவிட்டான். செங்கில் வெடி போட்டார்கள், ஓடினோம். இத்தனை நாளும் வலது பக்கமாகவே லயத்தைச் சுற்றிய கால், நேர் ரோட்டிலும் வலது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. இரண்டு முறை சாக்கடை ஓரத்தில் மற்றவர்கள் என்னைப் பிடித்துத் திருப்பி விட்டார்கள். ஆனாலும் சுங்கை ஊடாங் வரை கௌரவமாகத்தான் போனேன். அங்கே ரோட்டில் தடுப்பு. ஒரு மலாய்க்கார போலீஸ்காரர், பாவம் மரியாதையானவர், வெறும் ஆளாக இருந்தவர்களையெல்லாம் விட்டுவிட்டு என் வயிற்றில் மட்டும் கை வைத்தார். பொட்டலம் வெளியே வந்தது. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் கேஸ் ஆகிவிடும். தூக்கிப் புதரில் எறிகிறேன் என்றேன். புதரில் எறிந்தால் காட்டுக்காரனுக்குக் கொடுத்த மாதிரிதான் என்று அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, "இங்கயே மாக்கான், ஹாபிஸ்" என்றார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் அங்கேயே தின்று தீர்க்க வேண்டும் என்று அர்த்தம். அந்த நேரத்தில் சர்க்கார் நம்பிய ஒரே பத்திரமான இடம் என் வயிறு. மற்ற தோட்டத்து ஆட்களெல்லாம் கையசைத்துவிட்டுத் தாண்டிப் போக, நான் ரோட்டோரத்தில் துப்பாக்கி நிழலில் உட்கார்ந்து ஒரு குடும்பத்தின் புளிச்சோற்றைத் தின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஓட்டம் என்று சொல்ல மாட்டேன். நகர்ந்தேன். மஸ்ஜித் தானா போய்ச் சேர்ந்தபோது துணிக் கொடிகளை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். கடை வாசலில் வெங்காய மூட்டை மேல் விழுந்தேன். கண்ணைத் திறந்தால் கோமளா. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பனியனைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த மஞ்சள் பருக்கை ஒன்றை எடுத்து விரலில் நசுக்கி, அண்டாச் சோறு என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் தட்டு. வெள்ளை வெளேரென்று சோறு, மேலே நெத்திலிக் குழம்பு. தட்டை வைத்துவிட்டு, வழக்கம்போல் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா, எனக்குத் தொண்டை வரை புளிச்சோறு. ஒரு வாய் மிச்சம் வைத்தாலும் இவள் இந்த ஜன்மத்தில் திரும்பி வர மாட்டாள் என்று தெரிந்தது. சாப்பிட்டேன். பதின்மூன்று மைல் ஒன்றுமில்லை, அந்த ஒரு தட்டைக் கடந்ததுதான் ஓட்டம். வழித்துத் தின்று முடித்தபோது, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். கண்ணில் தண்ணீரோடு, போடு என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "போதும் எந்திரிங்க, பஸ்ஸு போயிரும்" என்றாள். ஊரடங்குக்கு முன்னால் இருவரும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

ஆகவே மச்சான் எழுதியதை நம்பித் தாங்கள் மனம் கலங்க வேண்டாம். துரையின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. அத்தை பாக்கியலட்சுமி அவர்களுக்கு என் நமஸ்காரம். குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைக்கும்போது என் முழங்காலையும் நினைத்துக்கொள்ளவும். தங்கள் ஆசீர்வாதம் கடல் தாண்டி வந்து எங்களைக் காக்கும் என்ற நம்பிக்கையோடு,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
நல்லமுத்து

பின்குறிப்பு: அத்தைக்கு இரண்டு வரி எழுத வேண்டும் என்று கோமளா கடிதத்தை வாங்கினாள். முழுவதையும் படித்துவிட்டாள். இப்போது என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். உண்மையை எழுதினால்தான் தபாலில் சேர்ப்பாளாம். துரை என்னை அனுப்பவில்லை மாமா. அவர் கொடுத்தது மாயாண்டியின் பெயரை. பந்தயம் மச்சான் கடை வாசலில் முடிகிறது என்று நோட்டீசில் படித்த அன்றே மாயாண்டியிடம் போய்க் கெஞ்சி அந்த இடத்தை வாங்கிக்கொண்டேன். என் மார்புத் துணியில் மாயாண்டி என்று இருந்தது அதனால்தான். கடைசியாக வந்த பேரும் அவனுக்கே போய், துரையிடம் திட்டும் வாங்கிவிட்டான். கோமளா இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. போய்க் கூப்பிட ஆசை, வெட்கம் விடவில்லை. பந்தயம் என்று ஓடிப் போய் விழுந்தால் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்களே என்று நினைத்தேன்.

நான் பஸ்ஸில் வந்து வாசலில் சும்மா நின்றிருந்தாலே கிளம்பியிருப்பாளாம். இரண்டாம் தடவை லாரி திரும்பிப் போன அன்றே பெட்டி கட்டி வைத்துவிட்டாளாம். அதை அப்போதே சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா பஸ்ஸுலதான வந்திருப்பீங்க" என்கிறாள். "நீங்க எனக்காக ஓடியாந்தத நான் எப்ப பாக்குறது?"