போணிக்குப் போன ஃப்ரிட்ஜ்

முதலில் வந்து கேட்பவரிடம் 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்யும் வீட்டில் பிறந்ததன் பின்விளைவு இது. காலையில் வரும் முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது அப்பாவின் நம்பிக்கை. போணிக்கு வந்தவர் கேட்ட சரக்கு கடையில் இல்லாவிட்டால், பக்கத்துக் கடையில் வாங்கியாவது கொடுப்பார்.

அந்தக் கடைக் கல்லாவில் என்னை உட்கார வைப்பது அப்பாவின் திட்டம். கழக்கூட்டத்து ஐ.டி. வளாகத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நடப்பது என் திட்டம். மலையாளம் பேசும் அந்த ஊரில் ஒரு கம்பெனிக்கு, ஃப்ரிட்ஜ் வாங்கியவர்களின் புகார்களைத் தமிழில் கேட்டுப் பதில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஆரியசாலைத் தமிழ்ப் பிள்ளைகளான எங்களிடம் தமிழ் இருந்தது. கம்ப்யூட்டரும் ஆபீஸ் பழக்கமும் இல்லை. அதனால் தம்பானூரில் ஒரு பயிற்சி மையமும் அந்தக் கம்பெனியும் கைகோத்தன. மையம் பயிற்சி தரும், தேறினால் கம்பெனி வேலை தரும். நாங்கள்தான் முதல் குழு. நாங்கள் சொதப்பினால் ஏற்பாடே ரத்து.

"கிடைக்கலேன்னா கடைக்கு வந்திரணும் மக்ளே" என்று அப்பா சொல்லிவிட்டார்.

கடைசித் தேர்வு, உண்மையான வாடிக்கையாளரிடம் பேசுவது. எல்லோரும் தயங்க, நான் முந்திக்கொண்டு ஹெட்செட்டை மாட்டினேன் (முந்திரிக்கொட்டைத்தனம், வேறென்ன). கம்பெனி மேலாளர் பிந்து மேடம் பக்கத்தில் இன்னொரு ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைய முதல் அழைப்பு, பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பெரியவர்.

"ஃப்ரிட்ஜ் கதவு மூட மாட்டேங்கு. வாரண்டி முடிஞ்சு போச்சு. சும்மா மாத்தித் தருவியளா?"

'மன்னிக்கவும், இயலாது' என்ற பதில் திரையிலேயே இருந்தது. எனக்கோ காலை நேரக் கடையின் ஊதுபத்தி வாசனையும் அப்பாவின் முகமும்தான் நினைவுக்கு வந்தன.

"தரலாம் சார்."

"கதவையா, ஃப்ரிட்ஜையா?"

"ஃப்ரிட்ஜே தரலாம் சார்."

"அப்ப பழசை என்ன செய்ய?"

"உங்க இஷ்டம் சார்."

பெரியவர் வாழ்த்திவிட்டு வைத்தார். பிந்து மேடம் ஹெட்செட்டை மெதுவாகக் கழற்றினார்.

"எந்தா மோளே இது? கம்பெனிய எழுதிக் குடுத்தாச்சல்லோ. வீட்டுக்குப் போயிக்கோ."

நான் எழுந்திருக்கவில்லை. மிளகாய் மூட்டைகூடப் பரவாயில்லை. என்னால் மற்றவர்களின் வேலையும் போகக் கூடாது என்று நாற்காலியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நான் குடுத்ததை நானே திரும்ப வாங்கித் தாரேன் மேடம்" என்றேன். மத்தியானம் வரை இதையே சொன்னேன். அலுத்துப்போய்ச் சம்மதித்தார்.

பெரியவரைத் திரும்ப அழைத்தால், அதற்குள் அவர் பழைய ஃப்ரிட்ஜை எதிர்வீட்டுக்குத் தானம் செய்திருந்தார்.

போணி முடிந்துவிட்டதால் இப்போது வாயில் 'இல்லை' தடையில்லாமல் வந்தது. புது ஃப்ரிட்ஜ் இல்லை. கதவு இல்லை. இலவசம் இல்லை. தப்பு என்னுடையது, கதவு ரப்பரை மட்டும் மாற்றினால் போதும்.

"அப்ப இவகிட்ட நீயே பேசு" என்று அவர் போனை எதிர்வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டார்.

"ஸ்டூலை முட்டுக் குடுத்தா கதவு நல்லாத்தான் மூடுது. நான் எதுக்குத் தரணும்?" என்றார் அந்த அம்மாள்.

நான் விடவில்லை. தொண்டை கட்டும்வரை பேசி, அந்த ஃப்ரிட்ஜைத் தெருவைக் கடந்து திரும்ப வரவைத்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

"இவளை விட்டாலும் இவ நம்மள விடமாட்டா" என்று சொல்லி, பிந்து மேடம் குழு முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

இன்றும் அங்கே புதிதாக வருபவர்களுக்கு முதல் பாடம், இல்லை என்று சொல்வது எப்படி என்பதுதான். நடத்துவது நான்.

வீட்டில் அந்தப் பாடம் செல்லாது. அப்பா தன் பேத்திக்கு இந்தக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி வைத்திருக்கிறார். நான் கண்விழிக்கும்போதே அவள் கட்டிலருகே வந்து நின்று, "அம்மா, போணி" என்பாள். நேற்றுக் கேட்டது பூனைக்குட்டி. அது இப்போது என் ஹெட்செட்டின் மேல் படுத்துத் தூங்குகிறது.