ஒரு நிலையம், ஒரு பதிப்பு

எங்கள் ஆற்றுநீர் ஆய்வு நிலையத்தில் லினக்ஸ் ஓடும் பெரிய கணினி ஒன்று உண்டு. அதில் வெள்ளம் வருமா என்று கணக்கிடும் பழைய மென்பொருளும், ஊழியர் சிரித்தால்தான் வருகை பதியும் புதிய மென்பொருளும் குடியிருந்தன. இரண்டும் ஓடுவதற்குக் கைகொடுக்கும் லைப்ரரி என்ற பொதுக் கோப்பு ஒன்று. பழையது அதில் ஐந்தாம் பதிப்பைக் கேட்கும். புதியதோ ஆறாம் பதிப்பு இல்லாமல் யார் சிரிப்பையும் ஒப்புக்கொள்ளாது.

வருகைப் பதிவு முக்கியமல்லவா? மழை கொட்டிக்கொண்டிருந்த வாரத்தில் ஆறாம் பதிப்பை ஏற்றி ஐந்தை அழித்தார்கள். வெள்ளக் கணக்கு படுத்துவிட்டது.

நாங்கள் அக்கா என்று கூப்பிடும் சக ஊழியை ஒருத்திதான் அந்தக் கணக்கைப் பார்ப்பவள். அவள் தங்கை குடும்பம் ஆற்றங்கரைத் தெருவில் இருந்தது. ஐந்தாம் பதிப்பைத் தனி ஃபோல்டரில் வைத்து, வெள்ள மென்பொருளுக்கு மட்டும் அந்த இடத்தைக் காட்டினால் போதும், யாருக்கும் இடைஞ்சலில்லை என்று கணினிப் பிரிவு அதிகாரியிடம் மன்றாடினாள்.

"ஒரே நிலையத்துல ரெண்டு பதிப்பாம்மா? நாளைக்கு ரெண்டு இயக்குநர் வேணும்னு கேப்பீங்க," என்றார் அவர்.

இயக்குநர் தலைமையில் உயர்மட்டக் குழு கூடியது. நானும் உறுப்பினன். தீர ஆராய்ந்து, ஆறாம் பதிப்புக்கே ஐந்து என்று பெயர் சூட்டிவிடுவதென ஏகமனதாகத் தீர்மானித்தோம். வாசலில் ‘ஒரு நிலையம், ஒரு பதிப்பு’ என்று பேனரும் கட்டினோம்.

வெள்ள மென்பொருள் ஏமாந்து ஓடியது. நீர்மட்டம் ஆற்றின் தரைக்கும் கீழே போய்விட்டதாகச் சொன்னது.

"பழசு பயமுறுத்திக்கிட்டே இருந்துச்சு. புதுசு எவ்வளவு நல்லாப் பேசுது பாருங்க," என்று இயக்குநர் பூரித்தார். வெள்ள அபாயம் அறவே இல்லை என்ற அறிக்கை முறைப்படி வெளியானது.

அக்கா மல்லுக்கட்டவில்லை. தன்னிடமிருந்த பழைய நகலிலிருந்து ஐந்தாம் பதிப்பை எடுத்துத் தன் ஃபோல்டரில் ஒளித்துவைத்துக் கணக்கை ஓட்டினாள். உடனே தங்கைக்குப் போன் போட்டாள்.

"எதுவும் கேக்காத. தெருவையே கிளப்பிக்கிட்டு எங்க ஆபீஸ் மாடிக்கு வந்துடு."

சாயங்காலம் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். தெருக்காரர்கள் பிழைத்த சந்தோஷத்தில் சிரித்தபடி எங்கள் வாசலில் நுழைய, இயந்திரம் அத்தனை பேருக்கும் வருகை போட்டது.

அனுமதியின்றி இரண்டாவது பதிப்பு வைத்திருந்த குற்றத்துக்கு அக்காவுக்கு மெமோ போனது. குழு முழுவதும் கையெழுத்திட்டது, வெட்கத்தோடு நானும்தான்.

அன்றே அவள் அறை வாசலில் வரிசை நின்றது. ஆறாம் பதிப்பு வந்த நாளிலிருந்து எங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு மென்பொருள் படுத்துக் கிடந்தது. எனக்கு முன்னால் கணினிப் பிரிவு அதிகாரி, அவருக்கு முன்னால் இயக்குநர்.

"மெமோவுக்குப் பதில் மெதுவாக் குடும்மா. அந்தத் தனி ஃபோல்டர் எப்படி வைக்கறதுன்னு மொதல்ல சொல்லு," என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"சிரிங்க சார். சிரிச்சாத்தான் பதிவு."

வரிசை மொத்தமும் சிரித்தோம்.