பாறை பார்த்து வந்தவர்

உங்கள் கைப்பேசியில் இப்போது எத்தனை பாறைகள் இருக்கின்றன? பொய் சொல்லாமல் எண்ணிச் சொல்லுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் தைரியமாக மேலே படிக்கலாம். நூற்றுக்கு மேல் என்றால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படியுங்கள். எறியப்போகும் கல் உங்கள் மேலும் படலாம்.

சிங்கப்பூரில் பலவகைத் தமிழர்கள் இருக்கிறோம். கோவில் கமிட்டியில் இருப்பவர், கோபித்துக்கொண்டு அதிலிருந்து விலகியவர், அடுக்குமாடி வீட்டின் விலையைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாதவர் எனப் பழைய இனங்கள் பல உண்டு. அண்மையில் பெருகிவரும் புது இனம் ஒன்றும் உண்டு. அதுதான் பாறை பார்த்து வந்தவர். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் காற்றும் மழையும் லட்சக்கணக்கான ஆண்டுகள் உட்கார்ந்து ஒரு மலையை அரித்து, காளானாகவும் கூம்பாகவும் தொப்பி போட்ட தூணாகவும் ஆக்கி வைத்திருந்தால், ஜூன் மாத வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, அதன் முன்னால் இரண்டு கைகளையும் விரித்தபடி நிற்பவர் இவர்தான். அடுத்த படத்தில் பாறைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, அதைத் தாமே தாங்குவது போல நிற்பார். வீட்டில் பத்துக் கிலோ அரிசியைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், முதுகுவலி வந்துவிடும்.

இந்த இனத்தின் அசல் மாதிரி வேண்டுமானால் பரமசிவத்தைப் பாருங்கள். வயது ஐம்பத்து நான்கு. கிராஞ்சிப் பக்கம் ஒரு தொழிலாளர் தங்குவிடுதியில் பராமரிப்பு மேலாளர். விளக்கு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது, விசிறி சுற்றவில்லை என்று அங்கே தங்கியிருக்கும் ஆயிரம் சொச்சம் பேரில் யார் புகார் அனுப்பினாலும் அது அவருடைய கைப்பேசிக்குத்தான் வந்து சேரும். ஒவ்வொரு விசிறிக்குப் பக்கத்திலும் அவருடைய எண் அச்சிட்ட வெள்ளை வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். விடுப்பில் போகும்போது அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்கிறீர்களா? கொடுத்துவிட்டால், இவர் இல்லாமலே வேலை நடக்கிறதே என்று மேலிடத்துக்குத் தோன்றிவிடாதா?

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் மனைவி சரஸ்வதியையும் மகள் ரக்ஷனாவையும் அழைத்துக்கொண்டு அவர் துருக்கியிலுள்ள கப்படோக்கியாவுக்குப் போனார். எரிமலைச் சாம்பல் இறுகிப் பாறையாகி, பாறை அரிபட்டுக் கூம்புகளாகி, கூம்புகளை மனிதர்கள் குடைந்து வீடும் மாடமும் தேவாலயமும் ஆக்கிக்கொண்ட பழைய நாடு அது. பகைவருக்கு அஞ்சிய மக்கள் நிலத்தடியில் மாடி மாடியாகத் தோண்டிய ஊர்கள்கூட அங்கே உண்டு. பார்க்க வேண்டிய இடம்தான். நம் புகார் பாறைகள் மேல் அல்ல.

பெட்டியில் முதலில் ஏறியது சின்ன ரைஸ் குக்கர். அதைச் சுற்றி ஊறுகாய், புளிக்காய்ச்சல், நூடல்ஸ். போகிற இடத்தின் ருசி நாக்கில் பட்டுவிடாதபடி எல்லாப் பாதுகாப்பும் செய்துகொண்டுதான் இந்த இனம் உலகம் பார்க்கக் கிளம்பும். அங்கே போனதும் முதல் கூம்பிலேயே பரமசிவத்துக்குச் சிவலிங்கம் தெரிந்தது. இரண்டாவது கூம்பில் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. மூன்றாவது நாள், இந்த மலையைக் குடைந்தவன் தமிழனாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். எரிமலை, சாம்பல், அரிப்பு என்று வழிகாட்டிப் பெண் பாடம்போல விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் கண்களை மூடிப் பாறையில் நெற்றியை வைத்து ‘எனர்ஜி’ வாங்கிக்கொண்டிருந்தார். திரும்பும்போது, கண்ணேறு போக்குமாம் என்று நீலக் கண்ணாடிக் கண் ஒன்றை வாங்கிவந்து, வாசலில் ஏற்கெனவே தொங்கும் எலுமிச்சம்பழத்துக்கும் பச்சைமிளகாய்க்கும் பக்கத்தில் மாட்டினார். இப்போது அவர் வீடு இரண்டு நாட்டுப் பொறாமையையும் தாங்கும்.

பார்த்ததோடு விட்டால் அவர் வெறும் பயணி. ஊர் திரும்பி எல்லாரையும் உட்கார வைத்துக் காட்டினால்தான் பாறை பார்த்து வந்தவர். “போட்டோல ஒண்ணுமே தெரியாதுலா, நேர்ல பாக்கணும்” என்று சிங்கப்பூர் ‘லா’ சேர்த்துச் சொல்வார். சொல்லிவிட்டு எண்ணூறு போட்டோ காட்டுவார். “அங்க போய் நின்னா மனுஷன் எவ்வளவு சின்னவன்னு புரியும்” என்பார். ஆனால் போய்வந்ததில் அவர் ஓர் அங்குலமும் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் உள்ள சிறு கூடத்தில், வாசகர் வட்டம் ஒன்று ‘பாறைகள் பேசுகின்றன’ என்ற பெயரில் பரமசிவத்தின் பயண உரைக்கு ஏற்பாடு செய்திருந்தது. பாறைகள் பேசவே இல்லை. அவை பேசுவதற்கு அவர் இடம் கொடுக்கவும் இல்லை. பக்கத்துத் தேக்கா சந்தையில் காய்கறி வாங்க வருகிறவர்கள் பார்க்கும்படி ஒட்டியிருந்த அறிவிப்பில், கொட்டை எழுத்தில், ‘அனைவரும் வருக’ என்று போட்டிருந்தார்கள். இப்படிப் போடும்போது அனைவரும் வரமாட்டார்கள் என்பது போடுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் தெரியும். ஓர் ஆள் மட்டும் அதை அப்படியே நம்பிவிட்டார்.

அவர் பெயர் அழகர்சாமி. ஊர் மேலூர்ப் பக்கம். கட்டடங்களில் தளக்கல் அறுப்பவர், பரமசிவத்தின் தங்குவிடுதியில் சி பிளாக் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர். அவர் அறையில் பன்னிரண்டு பேர். சுவரோடு சுவராக அடுக்குக் கட்டில்கள். அறையின் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறி நின்று அன்றோடு ஆறு வாரம். சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. பகலெல்லாம் கல்தூசி, படுத்தால் பூஞ்சைவாடை. கீழ்க்கட்டில் அகிலனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. கிளினிக்கில் மருந்து கொடுத்து, காற்றோட்டமான அறையில் படு என்று சொன்னார்கள். வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் மருத்துவப் பரிசோதனை வருகிற வியாழக்கிழமை. அதில் தவறினால் அகிலன் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அவன் வந்தே ஏழு மாதம்தான் ஆகிறது.

அழகர்சாமி சும்மா இருக்கவில்லை. விசிறியையும் சுவரையும் படமெடுத்து மூன்று முறை பரமசிவத்துக்கு அனுப்பினார். முதல் முறை, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. இரண்டாவது முறை, ‘சார் மூச்சு முட்டுது சார்’ என்று எழுதி அனுப்பிய மறுநாள், வானம் நிறைய வண்ண பலூன்கள் பறக்கும் படமும் ‘இனிய காலை வணக்கம், கப்படோக்கியாவிலிருந்து’ என்ற வரியும் வந்தன. தெரிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே சொடுக்கில் போன வாழ்த்து அது. அறையில் பன்னிரண்டு பேரும் கூடி அதைப் பதிலாக எண்ணி ஆராய்ந்தார்கள்.

“பலூன் அனுப்பியிருக்காருன்னா காத்து வருதுன்னு அர்த்தம்டா” என்றார் மேல்கட்டில்காரர். அகிலன் சிரித்தான். சிரித்தால் இருமல் வரும் என்பதை மறந்துவிட்டான்.

மூன்றாவது முறை ஒன்றுமே வரவில்லை. ஆகவே ஞாயிறு விடுப்பில் தேக்காவுக்கு வந்த அழகர்சாமி, அறிவிப்பில் பரமசிவத்தின் படத்தைப் பார்த்து, படியேறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். உரை முடிந்ததும் இரண்டு நிமிடம் பேசிவிடலாம் என்பதுதான் அவர் எண்ணம்.

உரை முடிவதாக இல்லை. பரமசிவம் அன்று உச்சத்தில் இருந்தார். ரைஸ் குக்கரை வைத்த விடுதி அறை, பலூனில் ஏறும் முன், பலூனில் ஏறிய பின், பலூனிலிருந்து தெரியும் இன்னொரு பலூன் என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. படங்களைத் தொகுத்தவள் ரக்ஷனா. தொகுத்தாள் என்பதுகூட அதிகம். பயணத்தின் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை அப்பாவின் கைப்பேசியில் எடுத்தது, வந்தது என்று இருந்த எல்லாப் படங்களையும் ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டிருந்தாள். எண்ணூறு படத்தை உட்கார்ந்து பார்க்க யாரால் முடியும்? எடுத்தவரே பார்க்கவில்லை.

நிலத்தடி ஊர் வந்தபோது பரமசிவத்தின் குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை, உண்மையாகவே கண் கலங்கினார். வெளிச்சம் இல்லாமல், காற்றுக்குத் தவித்து, மனிதர்கள் மண்ணுக்குள் எப்படித்தான் வாழ்ந்தார்களோ என்று கேட்டு நிறுத்தினார். முன்வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தார். அடுத்த படம் வந்தது. கறுத்த சுவர். மேலே ஒரு சதுரத் துவாரம். ஓரத்தில் படுக்கை போல ஏதோ ஒரு தட்டு. மூலையில் வெள்ளையாக ஒரு திட்டு. இந்தப் படம் அவருக்கு நினைவில் இல்லை. அதனால் என்ன? எந்தப் படம்தான் நினைவில் இருக்கிறது?

சுவரின் கறுப்பைச் சுட்டி, ஆயிரம் ஆண்டுக்கு முன் எரிந்த அடுப்புகளின் கரி அது என்றார். வெள்ளைத் திட்டு, அழிந்துபோன சுவரோவியத்தின் மிச்சம். இப்படி ஓர் அறையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று வட்டத்தின் தலைவி யாமினி கேட்டார்.

“பத்துப் பன்னெண்டு பேர் இருந்திருப்பாங்க மேடம். அந்த ஓட்டையப் பாருங்க, அதுதான் காத்துக் குழாய். அந்தக் காலத்து இஞ்சினியரிங். இன்னிக்கும் ஜிலுஜிலுன்னு காத்து வருதுலா, நானே கைய வச்சுப் பாத்தேன்.”

கூடம் ஆகாவென்றது. கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

“அதுல காத்து வரல சார்” என்றார் அழகர்சாமி.

எல்லாத் தலைகளும் திரும்பின. பரமசிவம் பொறுமையாகப் புன்னகைத்தார். குறுக்கே பேசும் அறிவாளிகள் இல்லாத கூட்டம் ஏது? யாமினிதான் அன்பாகக் கேட்டார்.

“நீங்களும் அங்க போயிருக்கீங்களா தம்பி?”

“அங்கதாங்கம்மா இருக்கேன். சி பிளாக், மூணாவது மாடி. பன்னெண்டு பேருன்னு சார் சொன்னது கரெக்ட்டுங்க.”

யாரோ சிரித்தார்கள், நகைச்சுவை என்று நினைத்து. படங்களை நகர்த்திக்கொண்டிருந்த ரக்ஷனாவின் விரல், அந்த வயதுப் பிள்ளைகளின் பழக்கப்படி, தானாகவே படத்தைப் பெரிதாக்கியது. சுவரோவியத்தின் மிச்சம் வளர்ந்து வளர்ந்து திரையை நிறைத்தது. ‘பழுதுபார்க்க அழையுங்கள்’ என்று நான்கு மொழியில் எழுதி, கீழே எட்டு இலக்க எண். கூடத்தில் பாதிப் பேரின் கைப்பேசியில் அந்த எண் இருந்தது. அதிலிருந்துதான் அவர்களுக்கும் பலூன் வந்தது.

“என்னங்க, இது உங்க நம்பர்” என்றார் சரஸ்வதி. தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது ஒலிவாங்கிக்குப் பக்கத்தில்.

நிலத்தடியில் எட்டு மாடி இறங்கியவர். சி பிளாக்கில் மூன்று மாடி ஏறாதவர். தன் கட்டடத்தின் சுவர் தனக்கே அடையாளம் தெரியாமல், அதற்கு ஆயிரம் ஆண்டு வயது சொன்னவர். என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? வெட்கப்பட்டிருப்பாரா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

“ஆபீஸ் விஷயம்லாம் மண்டே பேசிக்கலாம்லா” என்று கையசைத்தார். அடுத்த படத்துக்குப் போகும்படி மகளுக்குக் கண் காட்டினார். அடுத்ததும் பலூன்தான்.

அழகர்சாமி உட்காரவில்லை.

“மண்டேன்னா நாளைக்குத்தானே சார்?”

பரமசிவம் கூட்டத்தைப் பார்த்தார். சற்று முன் யாரென்றே தெரியாத மக்களுக்காக அவரோடு சேர்ந்து கண்கலங்கிய நாற்பது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்குத்தான்” என்றார். வேறு வழி?

மறுநாள் ஒரு மெக்கானிக் வந்தார். குழாயில் அடைத்திருந்த தூசியைத் தோண்டி எடுத்து விசிறியை ஓடவிட்டார். ஆன நேரம் பதினைந்து நிமிடம். ஆறு வாரம் பன்னிரண்டு பேர் காத்துக்கிடந்தது அந்தப் பதினைந்து நிமிடத்துக்குத்தான். மூன்று இரவுக் காற்று ஆறு வார நெஞ்சைச் சரிசெய்துவிடுமா? வியாழக்கிழமை டாக்டர் அகிலனின் மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு மாதம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. விசிறியும் ஓடிக்கொண்டிருக்கிறது. அகிலன் தினமும் படுக்கும் முன் துவாரத்தில் கையை வைத்துப் பார்க்கிறானாம்.

பரமசிவம் நலம். டிசம்பரில் ஜோர்தானில் வேறு பாறைகள் பார்க்கப் போகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை இப்போதெல்லாம் தாமே எல்லாரிடமும் சொல்கிறார், தம் எளிமைக்கு எடுத்துக்காட்டாக. “ஒரு தம்பி எழுந்து நின்னாரு, உடனே ஆக்‌ஷன் எடுத்தேன்” என்று கதை முடியும். கேட்பவர்கள் கைதட்டுகிறார்கள். சி பிளாக்கின் மற்ற அறைகளைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.

என்ன, சிரிக்கிறீர்களா? உங்களுக்குக் கீழே தங்குவிடுதி எதுவும் இல்லைதான். ஆனால் உங்களுக்குக் கீழே யாருமே இல்லையா? வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண், அலுவலகம் துடைப்பவர், உங்கள் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் இளநிலை ஊழியர் என்று யாரோ ஒருவர் உங்களுக்கும் ஒரு படம் அனுப்பியிருப்பார். நீங்களும் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த மலைக்குப் போயிருப்பீர்கள். படிப்பதை இங்கே நிறுத்துங்கள். கைப்பேசியை எடுங்கள். பலூன்களைத் தள்ளுங்கள், கூம்புகளைத் தள்ளுங்கள், கைகளை விரித்து நிற்கும் உங்களையும் கொஞ்சம் தள்ளுங்கள். அடியில் எங்கேயோ அந்தப் படம் இருக்கும். அனுப்பியவரைக் கூப்பிட்டு, நேரில் வர ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள். சொன்ன நாளில் போய், அந்தத் துவாரத்தில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள்.