பேன்சாமியின் உயிர்வதையற்ற கூந்தல் பராமரிப்பு

ஒரு பேனைக்கூடக் கொல்லாமல் தலையைச் சுத்தமாக வைத்திருக்கலாம் என்று நம்பிய மனிதர் இந்த நாட்டிலேயே பேன்சாமி மட்டும்தான். அவர் நம்பிய காலமெல்லாம் ருவான்வெல்லைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எந்தத் தலையும் சுத்தமாக இருந்ததில்லை.

அவருடைய நிஜப் பெயர் தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் மட்டும் இருந்தது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா அவருடையது.

போன மாதம் கொழும்பில், குளிரூட்டிய கடையொன்றில் ஒரு ஷாம்பு போத்தலைப் பார்த்தேன். மிருகக் கொழுப்பு இல்லை, பால் இல்லை, தேன் இல்லை, எந்த மிருகத்திலும் பரிசோதிக்கவில்லை என்று நாலு பக்கமும் சத்தியம் செய்திருந்தார்கள். விலையைப் பார்த்ததும் சத்தியத்துக்கும் சேர்த்துத்தான் என்று புரிந்தது. பத்து வருடத்துக்கு முன்பே பேன்சாமி இதே சேவையை இலவசமாகச் செய்தார். லயத்துப் பிள்ளைகள் நாங்கள் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தோம்.

ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களை அட்டை கடித்தால் சுண்ணாம்பைத் தொட்டு வைத்து உதறிவிடுவார்கள். பேன்சாமி மட்டும் அது குடித்து முடியும்வரை ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார்.

"என்னய்யா, வேலைக்கு வந்தியா விருந்து வைக்க வந்தியா?" என்பார் கங்காணி.

"சாப்புடுறத பாதியில எழுப்பக் கூடாதுங்க."

"அப்ப மரத்த மட்டும் தெனம் வெட்டுறியே, அதுக்கு வலிக்காதா?"

"அது மரத்துக்கு முடி வெட்டுற மாதிரிங்க."

இப்படிப்பட்டவர் கைக்கு ஒருநாள் மிளகாய் சுற்றிவந்த பத்திரிகைத் துண்டு போய்ச் சேர்ந்தது. ஷாம்பு செய்கிறவர்கள் அதை முதலில் முயலின் கண்ணில் விட்டுப் பார்ப்பார்களாம். அன்றே சோப்பையும் விசாரிக்கப் பஜாருக்கு நடந்தார்.

"மொதலாளி, இந்த சவக்காரத்துல மாட்டுக் கொழுப்பு இருக்கா?"

"இருந்தா கறி வெலைக்கு வித்திருப்பேனே" என்றார் கடைக்காரர்.

அந்தப் பதிலில் திருப்தியடையாமல், சொந்தமாகத் தயாரிக்க இறங்கினார். சிங்கள மருந்துக்கடையில் 'பெனெல' என்று விற்கும் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, செம்பருத்தி இலையும் வெந்தயமும் அரைத்துச் சேர்த்தார். முயலில் சோதிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே எங்களில் சோதித்தார்.

"மாமா, கண்ணு எரியுது."

"முயலுக்கும் இப்பிடித்தான பாப்பா எரிஞ்சிருக்கும். யோசிச்சுப் பாரு."

எனக்கு அப்போது பதினொரு வயது. இடுப்பைத் தொடும் பின்னல். கேகாலையில் தமிழ்த்தினப் போட்டிக்குக் கும்மியாடப் போகிற எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. திங்கட்கிழமை டீச்சர் தீர்ப்புச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை காலையில போட்டிக்குப் பஸ் ஏற முன்ன தலை பார்ப்பேன். பேன் இருந்தா முடிய வெட்டிட்டு வாங்க, இல்லாட்டி வீட்டுல இருங்க." என் தலையிலோ காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்களத்தைவிடக் கூட்டம்.

அம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். வாசலில் பேன்சாமி வந்து நின்றார்.

"தங்கச்சி, அது கொலை."

"மண்ணெண்ண என்ன மாட்டுக் கொழுப்பாண்ணே? அதுவும் சுத்த சைவந்தான்."

பேன்சாமி போத்தலைக் கையால் மறித்து, "மூணு நாள் குடுங்க. ஒண்ணுகூட சாகாம எறக்கித் தாறேன்" என்றார்.

"எறங்கலன்னா?"

"அப்ப நீங்க சொல்றதுதான்."

மண்ணெண்ணெய் எரிச்சலுக்குப் பயந்து நானும் அவர் பக்கம் சாய்ந்தேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது.

மூன்று பின்னேரமும் கவிழ்த்த பால் வாளியில் உட்கார்ந்திருந்தேன். பச்சை விழுதைத் தலையில் அப்பி, ஈர்ச்சீப்பால் வாரி, விழுகிற பேனை ஒவ்வொன்றாக விரலில் ஒற்றி எடுத்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் விடுவார். அவை சௌகரியமாக இருக்கட்டும் என்று சிரட்டைக்குள் முடி பரப்பியிருந்தார். முதல் நாள் சிரட்டையை அப்படியே புல்லில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் ஒரு சந்தேகம் வந்து, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் மாத்தயாவிடம் போய்க் கேட்டார்.

"ஒலுவக் நெத்துவ தவஸ் தெகக் இன்னே நே" என்று அவர் சிரித்திருக்கிறார். தலை இல்லாவிட்டால் பேன் இரண்டு நாள்கூடத் தாங்காது.

பேன்சாமி இடிந்து போனார். புல்லுக்கு ஓடி, சிரட்டையில் மிச்சமிருந்தவற்றைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டார். அன்றைய சிரட்டையும் அங்கேயே குடியேறியது.

"என்ன மாமா செய்றீங்க?"

"வீடில்லாம எங்க பாப்பா போகும்?"

அதே சீப்பால் தன் தலையையும் ஒருமுறை வாரிவிட்டு, மறுபடி என்னிடம் வந்தார். இறங்கிய கூட்டமெல்லாம் வேலை முடிந்த ஆட்கள் மாதிரி வரிசையாக வீடு திரும்பியது.

வியாழக்கிழமை பின்னேரம் அம்மா என் தலையைப் பிரித்துப் பார்த்தாள். போன திங்கட்கிழமை இருந்தவை எல்லாம் சொந்தக்காரர்களோடு இருந்தன.

"மூணு நாள வீணாக்கிட்டீங்களேண்ணே. இனி எண்ணெய ஊத்தி ஈரெல்லாம் உருவ யாருக்கு நேரம் இருக்கு?" என்று கத்தரிக்கோலை எடுத்தாள்.

நான் பின்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். அழக்கூட வரவில்லை.

பேன்சாமி என்னைப் பார்த்தார். கத்தரிக்கோலைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கத்திலிருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தார்.

"ஒக்காரு பாப்பா."

அவரே ஊற்றினார். துணி கட்டி ஊறவைத்து, அவிழ்த்து, வாரினார். தப்பியதை இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "மன்னிச்சுக்க" என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் பத்துக்கு ஒரு மன்னிப்பானது. விளக்கேற்றுகிற நேரத்தில், "எல்லாரும் சேத்து மன்னிச்சுக்கங்கப்பா" என்று கும்பிட்டுவிட்டு ஈர்களைத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு என் தலையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கேகாலையில் எங்களுக்கு மூன்றாம் இடம். போட்டிக்கு வந்ததே மூன்று பாடசாலைகள்தான்.

திரும்பி வந்தபோது பேன்சாமி வாசற்படியில், செய்த கொலைக்குப் பட்டினி கிடந்து, தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். தன் தலையில் இருந்தவற்றை அவர் தொடவேயில்லை.

"பாவமில்லையா மாமா?" என்று கேட்டேன்.

"பாவந்தான். ஆனா நீ பின்னலப் புடிச்சிக்கிட்டு நின்னியே."

அதற்குப் பிறகு என் முடியை எத்தனையோ பேர் அழகென்று சொல்லியிருக்கிறார்கள். அதற்காகப் பாவத்தைச் சுமக்க வேறு யாரும் முன்வரவில்லை.