ஜூனிப்பருக்கு மொட்டை

'டப்' என்று ஒரு சத்தம். விசைத்தறி ஓடுகிற இரைச்சலிலும் அது வளவன் காதில் தெளிவாக விழுந்தது. ஒடிந்தது சாதாரணக் கிளையா என்ன? அவன் கல்யாணம் ஐயா, கல்யாணம்!

மரம் என்றால் ஒரு சாண் உயர மரம். பெயர் ஜூனிப்பர். சுசித்ராவின் அப்பா விஜயராகவன் மொட்டைமாடி முழுக்க இப்படிக் குட்டி மரங்களாகத் தொட்டிகளில் வளர்க்கிறவர். வீட்டில் சாப்பாடு ஆறினாலும் ஆறும், மரத்துக்குத் தண்ணீர் தப்பாது. சுசித்ராவைப் பெண் கேட்டுப் போன வளவனுக்குப் பதில் சொல்லாமல், ஒரு தொட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்தார்.

"கிளைக்குக் கம்பி சுத்தி, கொஞ்சங்கொஞ்சமா வளைக்கணும் தம்பி. அவசரப்பட்டா ஒடிஞ்சிடும். ஆடிக் கிருத்திகைக்கு எடுத்துகினு வா. மரத்தைப் பாத்துட்டுப் பொண்ணைப் பத்திப் பேசலாம்."

வளவனும் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் வளைத்தான். கிருத்திகை நெருங்க நெருங்க அந்தக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

ஒடிந்தால் என்ன? இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது அவனுக்குக் கைவந்த வேலை. கிளையை ஒட்டவைத்துப் பட்டு நூலால் சுற்றினான். விறைப்பாக நிற்கட்டும் என்று தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியைத் தாராளமாகத் தடவினான். ஒடிந்த இடமே தெரியவில்லை.

மறுநாள் தெரிந்தது. ஊர் எறும்பெல்லாம் கஞ்சி குடிக்க வரிசை கட்டி நின்றது.

எறும்பு மருந்து தூவினான். எறும்பு போயிற்று, கூடவே மரத்தின் பச்சையும் போயிற்று. மருந்தைக் கழுவுகிறேன் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். மிச்சமிருந்த இலையும் பழுத்துக் கொட்ட ஆரம்பித்தது.

"இன்னா நைனா, மரத்தையே பாத்துகினு குந்திகினுக்கீற?" என்று வந்தாள் அவன் அம்மா ஞானம்மாள்.

"கொட்டுதும்மா."

"இதுக்கா இந்தக் கவலை? சின்னதுல உனக்குந்தான் முடி கொட்டுச்சு. மலைமேல மொட்டை போட்டேன். அப்பறம் எப்படி வளந்துச்சு, காடு மாதிரி!"

"அம்மா, அது தலை. இது மரம்."

"ரெண்டும் முருகன் குடுத்ததுதான்டா."

அந்த நேரம் பார்த்துத் தறி நின்றுபோக, வளவன் உள்ளே ஓடினான். சரிசெய்துவிட்டு வந்து பார்த்தால், ஜூனிப்பர் முழு மொட்டை! உச்சியிலிருந்து அடிவரை சந்தனம் வேறு கமகமவென்று மணக்கிறது.

"வேண்டிகினுதான் வெட்டினேன். பாரு, எப்படித் துளிர்க்குதுன்னு!" என்றாள் ஞானம்மாள், கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே.

தலை துளிர்க்கும். ஜூனிப்பர் துளிர்க்காது. ஓர் இலைகூட மிஞ்சாத கிளை அதோடு சரி.

வளவன் பைக்கை எடுத்துக்கொண்டு கனகம்மாசத்திரத்து நர்சரிக்குப் பறந்தான்.

"ஜூனிப்பரா? அதெல்லாம் இங்க இன்னாத்துக்கு வரப்போவுது?" என்ற நர்சரிக்காரர் ஒரு சவுக்குக் கன்றை நீட்டினார். "இத்த எடுத்துகினு போங்க. தூரத்துல இருந்து பாத்தா எவன் கண்டான்?"

கன்றைத் தொட்டியில் நட்டு, கம்பி சுற்றி, இந்தத் தடவை பதவிசாக வளைத்தான். நன்றாகத்தான் வந்தது. விஜயராகவன் மெச்சிக்கொள்வார் என்றுகூட நினைத்துவிட்டான், பாவம்!

கிருத்திகையன்று தெருவெல்லாம் காவடி. தொட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நுழைந்தான். புதுமாதிரிக் காவடி என்று நாலு பேர் கும்பிட்டு வழிவிட்டார்கள்.

விஜயராகவன் மரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது இன்னா?"

"மரம்ங்க, சார்."

"சவுக்கு! சாரம் கட்டுற சவுக்கு! என் ஜூனிப்பர் எங்கடா?"

வளவனுக்குப் பொய் வாயில் வரவில்லை. "கிளை ஒடிஞ்சிருச்சுங்க. கஞ்சி போட்டேன், எறும்பு வந்துச்சு. மருந்து போட்டேன், கொட்டுச்சு. அதான் அம்மா மொட்டை போட்டாங்க."

"மரத்துக்கா?"

"ஆங். சந்தனமும் தடவியாச்சுங்க."

"ஒரு மரத்தைக் காப்பாத்தத் துப்பில்ல, என் பொண்ணைக் காப்பாத்துவியா? பொண்ணும் இல்ல, மண்ணும் இல்ல, போடா!" என்று கத்திவிட்டு, மற்ற மரங்களைப் பார்த்தாவது மனசு ஆறட்டும் என்று மாடியேறிப் போய்விட்டார்.

வளவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலுக்குத் திரும்பியவனைக் காபி டம்ளரோடு வழிமறித்தாள் சுசித்ராவின் அம்மா யோகலட்சுமி.

"எங்க கிளம்பிட்டீங்க மாப்ள? இந்த வீட்டுல கத்துறது அவரு, முடிவு பண்றது நானு. தையில கல்யாணம்."

"மரம் செத்துப்போச்சே, அத்தை..."

யோகலட்சுமி மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க கையில துளசிகூடப் பொழைக்காதுன்னு சுசித்ரா சொன்னதாலதான், மரத்தை உங்ககிட்ட குடுக்கச் சொல்லி அவரை நச்சரிச்சேன். மிச்சத்தையும் கல்யாணத்துக்கு அப்பறம் ஒவ்வொண்ணா அனுப்பி வெக்கிறேன்!"