பெத்துராஜ்: இருட்டுவதற்குள்?

பெத்துராஜின் புகைப்படத்தை அந்தத் தளம் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டது. முதல் முறை வெளிச்சம் போதாது என்றது. அடுத்த முறை காது தெரியவில்லை என்றது. இப்போது சொன்ன காரணம்: ‘படத்தில் இருப்பவர் மூச்சு விடுகிறார்.’

“ஏ ஜெயபாக்கியம், இங்க வந்து பாரு. மூச்சு விட்டாத் தப்பாம்ல.”

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “அப்ப மூச்சப் பிடிச்சுக்கிட்டு எடுங்க. இதுக்கெல்லாமா ஆளக் கூப்புடுறது? எனக்குச் சோலி கிடக்கு.”

பெத்துராஜின் தொழில் நட்சத்திரம் போடுவது. போடிநாயக்கனூரில் வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே துபாய் ஓட்டல்களின் மெத்தையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். பார்த்திராத மிக்சியில் சட்னி அரைத்து, ருசி பிரமாதம் என்று சொல்லியிருக்கிறார். வெளிநாட்டு மதிப்புரைக் கம்பெனி இந்த முறை அனுப்பியிருந்தது, பொழுதாட்டம் என்ற சூதாட்ட, பந்தயத் தளம். கணக்குத் தொடங்குவது சுலபமா, ஆட்டம் நேர்மையா, கேட்டதற்குப் பதில் சொல்கிறார்களா, ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். இந்த ஒன்றையாவது நிஜமாகவே பார்த்து எழுதுவோம் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. வினை அங்கேதான் பிடித்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் லேசாகச் செருகிய நிலையில் ஒரு படம் எடுத்து அனுப்பினார். அடுத்த நொடி பதில் வந்தது: ‘வரவேற்கிறோம். உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்.’

வேகமான சேவை. ஒரு நட்சத்திரம்.

விளையாட்டுப் பகுதியைத் திறந்தார். கிரிக்கெட் இருந்தது, குதிரை இருந்தது, கபடி இருந்தது. கபடிக்குக் கீழே அவர் இருந்தார். கண் செருகிய அதே படம். பக்கத்தில்: ‘பெத்துராஜ், போடி. இருட்டுவதற்குள் உயிர் போய்விடுமா? ஆம் / இல்லை.’

“இது ஏதோ கோளாறு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போட்ட நட்சத்திரத்தை எடுத்துவிட்டார்.

படத்துக்கு அடியில் நேரடி வர்ணனை ஓட ஆரம்பித்தது. ‘ஆட்டக்காரர் கட்டிலில் அமர்ந்திருக்கிறார். இரண்டாவது இட்டிலியைச் சரியாக மெல்லவில்லை.’

பெத்துராஜ் மெல்லுவதை நிறுத்தினார்.

‘நிறுத்திவிட்டார். இட்டிலி தொண்டையில். “ஆம்” ஏறுகிறது.’

தண்ணீரைக் குடித்து இட்டிலியை இறக்கினார். ஜன்னலைச் சாத்தினார். வாசல் கதவுக்குத் தாழ் போட்டார். போனைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் தலையணையைப் போட்டார். தலையணைக்கு அடியிலிருந்து சன்னமாகக் கைதட்டல் கேட்டது.

போனைத் திரும்ப எடுத்து வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினார்: ‘நான் ஆட்டக்காரன் இல்லை, மதிப்புரை எழுதுகிறவன். பெயரை எடுத்துவிடுங்கள்.’

‘வணக்கம் அண்ணே,’ என்று பதில் வந்தது. ‘ஆட்டம் தொடங்கிவிட்டது. ஆட்டக்காரர் பாதியில் விலகினால் விதிப்படி “ஆம்” என்றே கொள்ளப்படும்.’

‘அப்படியானால் என் மேல் நானே “இல்லை” என்று கட்டுகிறேன்.’

‘ஆட்டக்காரர் தன் மேல் கட்டுவது ஒழுங்கல்ல. நாங்கள் நேர்மையான நிறுவனம்.’

குறை சொல்ல முடியவில்லை. எடுத்த நட்சத்திரத்தைத் திரும்பப் போட்டார்.

அசையாமல் கிடந்தால் ஆபத்தில்லை என்று கட்டிலில் மல்லாந்து படுத்தார். ‘மின்விசிறிக்கு நேர் கீழே படுத்திருக்கிறார்,’ என்றது வர்ணனை. பெத்துராஜ் தரையில் உருண்டார். விசிறியின் திருகாணி ஒன்று கழன்று, அவர் தலை இருந்த இடத்தில் மெத்தென்று விழுந்தது.

அவர் உருண்ட சத்தம் கேட்டு ஓடிவந்தாள் ஜெயபாக்கியம். கையில் அவளுடைய போன். அதில் அவருடைய படம்.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“கீழத்தெருவு பூராம் இதத்தான பாத்துக்கிட்டு இருக்கு. நானும் எங் கம்மலக் கட்டியிருக்கேன்.”

“எதுல?” என்று கேட்டுக்கொண்டே தரையிலிருந்து எழுந்தார்.

“எதுலயா? ‘இல்ல’ன்னுதான். கேக்குற கேள்வியப் பாரு!” அவள் கண் கலங்கிவிட்டது. அவர் தலையைத் தடவி, வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருபது வருஷத்தில் அவள் இப்படித் தடவியது அன்றைக்குத்தான்.

தளத்தின் கடைசிப் பக்கத்தில் ஆபீஸ் விலாசம் இருந்தது: போடிமெட்டுச் சாலை, கடைசி வளைவுக்கு மேல், பழைய ஏலக்காய் ஸ்டோர். உரிமம் வழங்கியவர் என்ற இடத்தில் ‘மேலே இருப்பவர்’ என்று மட்டும் போட்டிருந்தது. நேரில் போய்ப் பெயரை எடுக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. ஜெயபாக்கியம் அவர் கழுத்தில் மப்ளரைச் சுற்றினாள். இறுக்கமாக இருக்குமோ என்று உடனே தளர்த்தியும் விட்டாள்.

சோலைமலையின் ஜீப்பு சந்தை முடிந்து ஏலக்காட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு நின்றது. சோலைமலை வண்டி ஓட்டினால் எதிரே வருகிற பஸ்சு தானாக ஓரங்கட்டும். அவன் பிரேக் கட்டையில் ஒட்டடை இருப்பதாக மலையடிவாரத்து முந்தல் ஊரில் பேச்சு.

“வாங்கண்ணே, நடுவுல உக்காருங்க. ஏ, அண்ணனுக்கு எடம் விடுங்கத்தா!”

பெண்கள் எல்லோரும் விலகினார்கள். ஒருத்தி தன் அரிசி மூட்டையை அவர் முதுகுக்கு அணை கொடுத்தாள். இன்னொருத்தி, “சேட்டா, கம்பி தலையில முட்டும், குனிஞ்சுக்கோ,” என்று தன் துண்டை மடித்துக் கம்பியில் கட்டினாள்.

ஜீப்பு நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்வதே அதிகம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சோலைமலை வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். ஒரு வெள்ளாடு அவர்களை முந்திக்கொண்டு போனது. மூடுபனியாய் மஞ்சு இறங்கி, பள்ளம் எது பாதை எது என்று தெரியாமல் போயிற்று. ஜீப்புக்குள் மடிக்கு மடி போன் வெளிச்சம். எல்லாவற்றிலும் அவர் முகம். எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்ற கட்டம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

பெத்துராஜ் மப்ளர் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரும் மலையும் சேர்ந்து தன்னைச் சாகக் கூடாது என்கிறது! தேர்தலில் நின்றிருந்தால்கூட இத்தனை பேர் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

“அழுகாதீங்கண்ணே,” என்றான் சோலைமலை பதறிப்போய். “மூச்சு முட்டிறப் போகுது.”

கடைசி வளைவு தாண்டி அந்த ஸ்டோர் நின்றது. பூட்டில் துரு. கதவு நிலையில் சிலந்தி வலை, நடுவில் சிலந்தி. கதவைத் தட்டினார். யாரும் வரவில்லை. ஆனால் உள்ளே ஒரு குரல் நிறுத்தி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது.

‘ஆட்டக்காரர் கதவைத் தட்டுகிறார். பதில் இல்லை. ஜன்னலுக்குப் போகிறார்.’

ஜன்னல் பக்கம் போயிருந்த கால் பாதியில் நின்றது. பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஏலக்காய் உலர்த்தும் தட்டுகள் அடுக்கடுக்காகக் காலியாக இருந்தன. நடுவில் ஒரு மெத்தை நாற்காலி. அதில் யாரும் இல்லை. உட்காரும் இடம் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல மெதுவாக உப்பிக்கொண்டிருந்தது.

‘பார்த்துவிட்டார்,’ என்றது குரல், அவர் காதுக்குப் பக்கத்தில்.

சாலைக்கு எதிரே இருந்த சுருளியம்மாளின் டீக்கடைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது.

“ஓடாத அப்பு, ஓடாத,” என்று சுருளியம்மாள் அவரைத் தாங்கிப் பிடித்தாள். பெஞ்சில் ஆணி இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார வைத்தாள். டீயை ஆற்றி, தானே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். “உறிஞ்சாம குடி. பொரை ஏறிரும்.”

சோலைமலை அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தான். பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒரு கொசு வந்தது. நாலு பேர் அதை அடித்தார்கள். எல்லோரும் மேற்கே பார்த்தபடி இருந்தார்கள். மஞ்சுக்குப் பின்னால் வெளிச்சம் சிவந்து, சாம்பலாகி, ஏலச்செடிகளின் நிறம் போய், கடைசியில் டீக்கடை விளக்கு மட்டும் மிஞ்சியது.

அத்தனை போனும் ஒரே நேரத்தில் சிணுங்கின. ‘இருட்டிவிட்டது. “இல்லை” வென்றது.’

“செயிச்சிட்டோம்ணே!” சோலைமலை துள்ளிக் குதித்தான். பெண்கள் குலவையிட்டார்கள். பெத்துராஜ் எழுந்து நின்று எல்லோரையும் கும்பிட்டார். ஜெயபாக்கியத்துக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை, சந்தோஷத்தில் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சூட்டோடு மதிப்புரைப் பக்கத்தைத் திறந்து, ‘நேர்மையான நிறுவனம், சொன்ன நேரத்துக்கு முடித்துக்கொடுக்கிறார்கள்,’ என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் போட்டு அனுப்பினார்.

தலை நிமிர்ந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. பெண்கள் சாலையின் மறுபக்கம் போய் வரிசையாக நின்று போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்புக் கம்பியில் கட்டிய துண்டை ஒருத்தி அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். சோலைமலை ஜீப்பை உறுமவிட்டான். விளக்கைப் போடவில்லை.

“ஏறுங்கண்ணே, வெரசா எறங்கிருவோம். ஓரமா உக்காருங்க, காத்து நல்லா வரும்.”

“இவனுக்கு என்னாச்சு ஆத்தா?” என்று பெத்துராஜ் திரும்பினார். “இம்புட்டு நேரம் பூ மாதிரி கொண்டாந்தான், இப்ப என்ன இந்தப் பற பறக்குறான்?”

அவர் கையிலிருந்த கிளாசை வாங்கிக் கழுவிக்கொண்டே சுருளியம்மாள் சொன்னாள்: “அடுத்த ஆட்டம் தொறந்துட்டாங்கள்ல அப்பு, விடியுறதுக்குள்ள ஒன் உசுரு போயிருமான்னு, மொத ஆளா ‘ஆமா’ன்னு கட்டுனது ஒன் வீட்டுக்காரிதான், அதப் பாத்துத்தான் நாங்களும் கட்டுனோம்.”