மூன்றாம் ஓலையும் ஹாலிவுட் சாயிப்பும்

பொறாமைப்படுவதில் எனக்கு ஒரு ஒழுங்கே கிடையாது. கூட வேலை பார்க்கிறவனுக்கு ஜன்னலோர மேசை கிடைத்தால் பொறாமை. தம்பிக்கு இன்னும் முடி கொட்டவில்லை என்று பொறாமை. பக்கத்து வீட்டுப் பலா எங்கள் பலாவுக்கு முன்னால் காய்த்துவிட்டதென்று இரண்டு நாள் முகம் கொடுக்காமல் நடந்திருக்கிறேன் (மரத்துக்கல்ல, மரத்தின் சொந்தக்காரருக்கு). ஆனால் என் ஆயுசில் நான் அதிகமாக வயிறெரிந்தது ஹாலிவுட்டில் இருக்கும் ஒருவனைப் பார்த்துத்தான். பெரிய ஹீரோ. பெயரைச் சொல்ல மாட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆன பிறகும் அந்தப் பெயரை என் வாய் சொல்ல மறுக்கிறது. வெள்ளைக்காரனை எங்கள் ஊரில் சாயிப்பு என்போம். அவனும் சாயிப்பாகவே இருக்கட்டும்.

அப்போது எனக்கும் ஷைனிக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. நான் கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆபீசில் கிளார்க். அதற்கு முன் பெண் பார்க்கப் போன பதினோரு வீடுகளில் கேக்கும் காப்பியும் தந்து என்னைப் பத்திரமாக வழியனுப்பி வைத்திருந்தார்கள். பன்னிரண்டாவது வீடு மணவாளக்குறிச்சியில். அங்கே ஷைனி என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்குச் சம்மதம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். சந்தோஷத்தில் நான் காப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒரே பயம். இவள் எப்போது கண் தெளிந்து "வேண்டாம்" என்பாளோ?

ஷைனி வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு இங்கிலீஷ் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, ஆசையாக லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். சாயிப்பின் புதுக் காதல் படம். இன்னும் வெளிவராதது. மழையில் நனைந்துகொண்டு அவன் என்னமோ சொல்கிறான். கீழே தமிழில் ஓடுகிறது: 'உன் பேரைச் சொன்ன வாயால் உடனே தண்ணீர் குடிக்கத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கட்டும்.'

"அவன் இங்கிலீஷ்ல இதையா சொன்னான்?" என்றேன்.

"இல்ல, மூணே வார்த்தைதான் சொன்னான். அதை அப்படியே போட்டா நம்ம ஆளுகளுக்கு ஒட்டாது. அவன் கண்ணைப் பாருங்க, அதுல இவ்வளவும் இருக்குல்லா?"

நான் கண்ணைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தேன். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அவன் சொல்லாததைக்கூட இவளே சொல்லிக்கொடுக்கிறாள்! எனக்கு வருகிற மெசேஜ் என்ன? 'சாப்டியா' என்று நான் கேட்பேன். 'ம்' என்று வரும் (நான் 'சாப்டியா'வைத் தவிர வேறு எதையும் கேட்டதே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை). அந்த வாரமே குலசேகரத்தில் ஒரு சலூனில் சாயிப்பின் போட்டோவைக் காட்டி முடி வெட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை ஆபீசில், "வீட்டுல எதும் துக்கமா?" என்று விசாரித்தார்கள்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் மூன்று வாரமும் கேட்பார். எனக்குத் தெரிந்து யாரும் எதையும் தெரிவித்ததில்லை. மாப்பிள்ளையே போய்த் தெரிவித்த பெருமை எனக்குத்தான்.

இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதற்கு முன் கல்யாணப் போதனைக்குப் போக வேண்டும். போதகர் மாப்பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, ஒரு படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

"தம்பி, மனசுல எதும் தடை உண்டா?"

"எனக்கில்ல அய்யா. பிள்ளைக்குத்தான்... ஒரு ஆளு உண்டும்."

அவர் பேனாவை மூடினார். "எங்க உள்ளவன்?"

"அமெரிக்காவுல."

"பிள்ளை அவன்கூடப் பேசுதாளா?"

"தினமும் ஆறு மணி நேரம் அய்யா. அவன் பேசுவான், இவ எழுதுவா."

"நீ கண்ணால கண்டியா?"

"கண்டேன் அய்யா. அவளே காட்டித்தந்தா."

சினிமா நடிகன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பாரே என்று வெட்கம். ஷைனியைக் கூப்பிட்டு, 'மாப்பிள்ளைகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசு பிள்ளே' என்று புத்தி சொல்வார், அதோடு முடிந்தது என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் கண்ணை மூடி ஜெபித்தார். பிறகு மூன்றாவது ஓலையை நிறுத்திவைத்து, சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு குடும்பமும் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஷைனியின் அப்பாவுக்குப் போன் செய்தார். சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை, நல்ல மனுஷன்.

எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது வெளிநாட்டில் இருப்பதால், ஷைனிக்கு அமெரிக்காவில் ஒரு ஆள் உண்டு என்பதை நம்ப யாருக்கும் சிரமமே இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவனுக்கு ஒரு வேலை, சொந்த வீடு, முதல் மனைவி எல்லாம் வந்துவிட்டன. அன்று மத்தியானம் ஷைனி எனக்குப் போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"யாரோ என்னைப்பத்தி அய்யாகிட்ட இல்லாததச் சொல்லிருக்காவ. எனக்கு அமெரிக்காவுல ஒருத்தரையும் தெரியாது. நீங்க மட்டும் நம்பாதீங்க, கேட்டியளா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ம்" என்றேன். இதை எழுதும்போதுகூட என்னை நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். சாயிப்பு தன்பாலீர்ப்பாளனாம். பத்து வருஷமாக ஒரு ஆணோடுதான் குடித்தனமாம். 'இனி ஒளிக்க மாட்டேன்' என்று அவனே அறிவித்துவிட்டானாம். பஸ்ஸிலேயே, "ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன். பக்கத்தில் ரப்பர் பால் வாடையோடு தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் திடுக்கிட்டு எழுந்து இறங்கப் போனார்.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. இனி எந்தப் பெண் அவனைத் திரும்பிப் பார்ப்பாள்? ஷைனியும் கைகழுவிவிடுவாள். பிறகு எனக்கு யார் போட்டி? தக்கலையில் இறங்கி ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு, நேராகப் போதகர் வீட்டுக்கு ஓடினேன்.

முன்னறையில் போதகர், என் அப்பா, ஷைனி, அவள் அப்பா தங்கையன் மாமா, அவள் சித்தி எல்லாரும் இருந்தார்கள். ஷைனியின் கண் வீங்கியிருந்தது. சித்தி அவளிடம், "பயப்படாமச் சொல்லு மக்கா, பையன் எந்தச் சபை?" என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அய்யா, தடை நீங்கிட்டு!" என்று நுழைந்தேன். "அவனுக்குப் பொம்பளைகளே வேண்டாமாம்! ஒரு ஆம்பளைகூடத்தான் இருக்கானாம். செய்தியில வந்திருக்கு. இனி எந்தப் பொண்ணு அவனைத் திரும்பிப் பாப்பா? லட்டு எடுங்க அய்யா."

யாரும் லட்டு எடுக்கவில்லை.

"இவனை எதுக்குச் செய்தியில போடுதான்?" என்றார் மாமா.

"ஹாலிவுட் ஹீரோல்லா மாமா."

"சினிமாக்காரனா!" என்று சித்தி நாற்காலியில் சாய்ந்தாள். "அட எளவே, நான் கிரீன் கார்டு உண்டுமான்னு கேக்க இருந்தேன்."

என் அப்பா வாசலில் கிடந்த தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷைனி எழுந்தாள்.

"அய்யாகிட்டச் சொன்னது நீங்களா?"

 லட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"நேத்து உங்களுக்குத்தானே போன் போட்டு அழுதேன்? உங்களுக்கு மட்டுந்தானே?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.  "காலைல சென்னையிலருந்து கூப்பிட்டாவ. படத்தை நிறுத்தியாச்சாம். 'இனி இவன் காதல் சொன்னா எந்தப் பொண்ணு நம்புவா'ன்னு மேனேஜர் கேட்டாரு. நீங்களும் இப்பம் அதையேதான் கேக்குதிய. நாலு மாசமா நான் நம்பினேனே, நான் பொண்ணு இல்லையா? அவனைப்பத்தி ஹாலிவுட்டுல உள்ளவங்க ரகசியமாப் பேசினது எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். தெரிஞ்சுதான் நம்பினேன். அவன் யாரையோ நெசமாவே நினைச்சுக்கிட்டுப் பேசுதான். அது கண்ணுல தெரியுது. அது ஆணா பொண்ணான்னு எனக்கென்ன?"

"அப்பம் அந்தப் பையன் இவ்வளவு நாளும் ஒளிச்சா வச்சிருந்தான்?" என்று போதகர் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

"ஒளிக்கச் சொன்னதே படக் கம்பெனிதான் அய்யா. படம் வாரப்பல்லாம் ஒரு நடிகையைப் பக்கத்துல நிப்பாட்டிப் போட்டோ எடுப்பாங்க, காதலியாம். பொண்டாட்டி பிள்ளை உள்ள ஹீரோ இப்படிப்பட்ட ஆளா நடிச்சா, 'அடேயப்பா, என்ன தைரியம்'னு மேடையேத்தி விருது குடுப்பாங்க. நெசமாவே அப்படி உள்ளவன் வாயத் திறந்துட்டா, அவனை ஹீரோவா வைக்க மாட்டாங்க. ஹீரோயினுக்குத் தோழனா வந்து ரெண்டு தமாஷ் சொல்லிட்டுப் போகலாம், அவ்வளவுதான்."

 போதகருக்கும் இந்த விஷயத்தில் தனியான அபிப்பிராயம் இருந்திருக்கும். அதை அவர் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"உள்ளதச் சொன்னவனுக்கு வேலை போச்சு. இல்லாததச் சொன்ன உனக்குக் கல்யாணம் நடக்கணுமா தம்பி?"

"ஓலை வாசிக்க வேண்டாம் அய்யா," என்றாள் ஷைனி. "இவங்க சொந்தமா ஒரு வார்த்தை எங்கிட்ட நேரா வந்து சொல்லட்டு. பிறகு பாக்கலாம்." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகிற போக்கில் சித்தி மட்டும் இரண்டு லட்டு எடுத்துக்கொண்டாள்.

இரண்டு ஞாயிறு ஓலை இல்லாமல் போனது. சபையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாயிப்புக்குக்கூட அவ்வளவு ரசிகர்கள் இருந்திருக்க மாட்டார்கள். நானும் வார்த்தை தேடினேன். நிலா, கடல், அலை என்று எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாமே சாயிப்பு சொன்னால் நன்றாக இருக்கும், நான் சொன்னால் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். மூன்றாவது வாரம் எதையும் எழுதாமல் மணவாளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். தங்கையன் மாமா வாசலில் நின்றார்.  அவர் தோளுக்கு மேலாகவே உள்ளே நின்ற ஷைனியிடம் சொன்னேன்:

"பதினோரு வீட்டுல என்னை வேண்டாம்னு சொன்னாவ. நீ வேணும்னு சொன்ன. அது எனக்கு இன்னும் நம்பிக்கை வரல்ல. நீயும் என்னைக்காவது விட்டுட்டுப் போவேன்னு பயந்துதான் கிடந்தேன். போறதானா அவனுக்காகப் போனாத் தேவலன்னு தோணிச்சு. ஆளு அவ்வளவு அழகு, அவன்கிட்ட தோத்தா எனக்கும் மானக்கேடு இல்ல. உன்னைப்பத்தி இல்லாததச் சொன்னது தப்பு. பெரிய தப்பு. நீ அழுதப்பவாவது நான் சொல்லிருக்கணும். சொல்லல்ல. நான் ஒரு பயந்தாங்கொள்ளி."

 உள்ளே ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. பிறகு, "இதெல்லாம் சப்டைட்டில் ரெண்டு வரிக்குள்ள அடங்காது," என்றாள் ஷைனி. மாமா வழிவிட்டார்.

மூன்றாவது ஓலை அடுத்த ஞாயிறு வாசிக்கப்பட்டது. தடை உண்டா என்று கேட்டபோது போதகர் வழக்கத்தைவிட அதிக நேரம் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அவர் கல்யாணப் போதனையில், படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்கிறார்: "பிள்ளைக்கு ஆளு எதும் உண்டுன்னா, அது நேர்ல உள்ளவனா, திரையில உள்ளவனா?" காரணம் தெரியாமல் முழிக்கும் மாப்பிள்ளைகளுக்கு, வெளியே வந்ததும் யாராவது என் வீட்டைக் கைகாட்டுகிறார்கள்.

நிறுத்தின படம் கடைசிவரை தியேட்டருக்கு வரவில்லை. சாயிப்புக்கு ஏழு வருஷம் தோழன் வேஷமும் டாக்டர் வேஷமும்தான். போன வருஷம் சின்னக் கம்பெனி ஒன்று அவனை மறுபடி ஹீரோவாகப் போட்டது. அவன் ஓர் ஆணைக் காதலிக்கிற கதை. சப்டைட்டில் வேலை ஷைனிக்கே வந்தது. எழுதின வரி வாய்க்கு ஒட்டுகிறதா என்று பார்க்க, இப்போதெல்லாம் என்னைத்தான் சத்தமாக வாசிக்கச் சொல்கிறாள். ஒரு நாள் காப்பி போட உள்ளே போனவள், "அந்த இன்னொருத்தன் பேசுறதையும் வாசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரையில் சாயிப்பின் முகம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. வயசாகியிருக்கிறான், ஆனால் பாவி, இன்னும் அழகு. எதிரே நிற்கிற நடிகன் இவனுக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த வேகத்தில் நன்றாகவே வாசித்துவிட்டேன்:

"உனக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? இனி உன்னை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்."

பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. மீன் பொதியோடு தங்கையன் மாமா வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார். திரையில் சாயிப்பைப் பார்த்தார். பொதியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனார். முற்றத்தில் நின்ற மாமியிடம் அவர் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. வீட்டு விசேஷங்களுக்குக் கூடும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் அதை அவரையே மறுபடி சொல்லவைத்துச் சிரிக்கிறார்கள்.

"ஏட்டி, அந்தத் தடை இன்னும் நீங்கல்ல. முந்தி மவளுக்கு இருந்துது, இப்பம் மருமவனுக்கு."